கழித்துப்போட்ட நீர்மூழ்கிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடற்படைகள் கழித்துப்போட்ட நீர்மூழ்கிக் கப்பல்களை வெளிநாட்டில் தனியாட்கள் வாங்கி வீடாகவும் ஹோட்டலாகவும் ஆக்குகிறார்கள், கொழும்பில் வீடு வாங்கும் காசுக்கு ஒரு நீர்மூழ்கியே வாங்கிவிடலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு துணுக்குப் போட்டிருந்தீர்கள். கடைசி வரியில், திருகோணமலையில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் சுற்றுலாவுக்கு நல்லதுதானே என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே ஹட்டன் பக்கத்துப் பையன்கள் அதைப் போனில் சுற்றவிட்டு, திருகோணமலை எதற்கு, நுவரெலியா கிரகரி வாவியிலேயே இறக்கிவிடலாமே என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். பகிடி பகிடியாகவே இருக்கட்டும். ஆனால் துணுக்கில் வாங்கும் விலை மட்டும்தான் இருந்தது, வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தேயிலை ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன். மலையில் இருக்கிறவனுக்குக் கடல் சமாச்சாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கடல் தெரியாது, இரும்பு தெரியும். வெள்ளைக்காரன் காலத்து ரோலர், ரஸ்டன் எஞ்சின், காற்றாடி என்று பழைய இரும்போடுதான் என் காலம் போனது. நீர்மூழ்கிகளைப் பற்றி வாசிப்பது சின்ன வயதிலிருந்து இருக்கிற கிறுக்கு, மகள் போன் வாங்கித் தந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது.

முதலில் எல்லோரும் சொல்லுகிற பெப்சி கதையை முடித்துவிடுகிறேன். சோவியத் யூனியன் பெப்சி பானத்துக்குக் காசுக்குப் பதிலாகக் கப்பல் கொடுத்தது, பெப்சி உலகத்திலேயே ஆறாவது பெரிய கடற்படையாக ஆகிவிட்டது என்று வருகிறதே, அது. 1989 இல் அப்படி ஒரு ஒப்பந்தம் பேசப்பட்டது உண்மைதான். 17 பழைய நீர்மூழ்கிகளும், ஒரு குரூசர், ஒரு டிஸ்ட்ரோயர், ஒரு ஃப்ரிகேட் என்று மூன்று போர்க்கப்பல்களும் அதில் இருந்தன. அவ்வளவும் கிழடு தட்டியவை, உடைக்கிற இடத்துக்குப் போகவென்றே எழுதப்பட்டவை. பெப்சிக்காரர் யாரும் பெரிஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கவில்லை. பழைய இரும்பாகத் தள்ளிவிடத்தான் வாங்கினார்கள், அதுதான் புத்தி. பின்னால் வாங்கிய பல பேருக்கு அந்தப் புத்தி வரவில்லை.

சோவியத் உடைந்த பிறகு 1990களில்தான் இந்தச் சந்தை சூடுபிடித்தது. நேட்டோக்காரர்கள் ஃபொக்ஸ்ட்ரொட் என்று பெயர் வைத்த டீசல் நீர்மூழ்கிகள்தான் அதிகம் வெளியே வந்தன. 91 மீற்றர் நீளம், மிதக்கும்போது எடை 2,000 தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு, மூன்று டீசல் எஞ்சின், மூன்று சுழலி, எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். இந்தியாகூட இந்த வகையில் எட்டு வைத்திருந்தது. காசுக்குத் தட்டுப்பாடான ரஷ்யக் கடற்படை கழித்தவற்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்றும் சொல்ல முடியாது, கொலம்பியப் போதைப்பொருள் கும்பலுக்கு ஒன்றை வாங்கிக் கொடுக்கப் பார்த்த தரகர் ஒருவர் அமெரிக்காவில் மாட்டிக்கொண்ட வழக்கும் இருக்கிறது. அந்த நாட்டில்தான் 2000 ஆம் ஆண்டு, தலைநகர் பொகோட்டாவுக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே மலைக்குள் ஒரு கிடங்கில், பாதி கட்டிய நீர்மூழ்கி ஒன்றைப் பொலிஸ் பிடித்தது. நுவரெலியாவைவிட உயரமான இடம். ஆகவே கிரகரி வாவி யோசனை உலகத்திலேயே பெரிய பைத்தியக்கார யோசனை அல்ல, இரண்டாவதுதான்.

விற்கிற கடற்படை எதையும் அப்படியே தூக்கிக் கொடுப்பதில்லை. டோர்பிடோவும் இரகசியக் கருவிகளும் முதலில் போய்விடும், டோர்பிடோக் குழாய்களை அடைத்துவிடுவார்கள், திரும்ப முங்க முடியாதபடி செய்துவிடுவார்கள். அணுசக்தியில் ஓடியவை தனியார் கைக்கு வருவதில்லை. அவற்றை என்ன செய்வதென்று அரசாங்கங்களே தலையைச் சொறிந்துகொண்டு நிற்கின்றன. பிரிட்டன் 1980 இல் ஓய்வுகொடுத்த ட்ரெட்நோட் என்ற நீர்மூழ்கியை ஸ்கொட்லாந்தில் ரொசைத் துறையில் கட்டிப்போட்டார்கள், நாற்பது வருடம் கழித்தும் உடைத்து முடித்தபாடில்லை. சரி, டீசல் நீர்மூழ்கி ஒன்றை வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கனவு காணாதீர்கள். பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு, காப்புறுதிக்காரன் கிட்ட வரமாட்டான், இழுவைப் படகு வைத்து இழுத்துக்கொண்டு போகிற மிதவைதான் அது.

இனி எனக்குத் தெரிந்த பக்கத்துக்கு வருகிறேன். ஃபொக்ஸ்ட்ரொட் மாதிரி நீர்மூழ்கிக்கு இரண்டு உடம்பு. உள்ளே தடித்த உருக்கில் நீள உருளையாக ஒன்று, ஆழத்து அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அதைச் சுற்றி வெளியே மெல்லிய தகடு, இரண்டுக்கும் இடையில் தொட்டிகள். தொட்டிக்குள் தண்ணீர் விட்டால் கீழே போகும், காற்றை அடித்தால் மேலே வரும். துறைமுகத்தில் சும்மா கட்டிவைத்திருக்கும்போதும் அதை மிதக்க வைப்பது அந்தத் தொட்டிக் காற்றுத்தான். மேலே உள்ள வால்வு இறுக மூடியிருக்கிற வரைக்கும் காற்று நிற்கும். வால்வின் ரப்பர் காய்ந்துபோனாலோ, தகட்டில் விரல் நுழையும் ஓட்டை விழுந்தாலோ, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சாதாரணக் கப்பல் தண்ணீருக்கு மேலே உயரமாக நிற்கிறது, கொஞ்சம் தண்ணீர் ஏறினாலும் சமாளிக்கும். நீர்மூழ்கி மிதக்கும்போதே முக்கால்வாசி தண்ணீருக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் சரிந்து, திறந்திருக்கிற ஒரு வாய்க்குள் அலை ஏறினால் அவ்வளவுதான்.

துரு வேறு. வெளித்தகட்டுக்கும் உள் உடம்புக்கும் இடையில் ஆள் நுழைய முடியாத சந்துகள் இருக்கும், அங்கே சுத்தியலும் போகாது பிரஷும் போகாது. தண்ணீரும் காற்றும் மாறிமாறிப் படுகிற பட்டைதான் முதலில் மெலியும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ணங் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்கும், அப்புறம் இரண்டாவது தட்டு தட்டக் கை வராது. பழைய பொய்லர் தகட்டில் இதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கப்பல் உடம்பில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி வைப்பார்கள், உப்புத்தண்ணீர் இரும்பை விட்டுவிட்டு அதைத் தின்னட்டும் என்று. அது கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். அதற்கும், அடியைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதற்கும் சில வருடங்களுக்கு ஒரு தடவை உலர்துறையில், அதாவது தண்ணீரை வெளியேற்றிக் கப்பலின் அடியைப் பழுதுபார்க்கிற இடத்தில், ஏற்ற வேண்டும். அந்த நீளத்துக்கு உலர்துறை ஊருக்கு ஊர் கிடையாது, இருக்கிற இடத்துக்கு இழுத்துப்போக வேண்டும். இழுக்கிற வழியில் என்ன நடக்கும் என்பதற்கு 2003 ஆம் ஆண்டு சாட்சி. ரஷ்யக் கடற்படை தன்னுடைய கழித்துப்போட்ட கே-159 ஐ உடைப்பதற்கு இழுத்துப்போகையில் அது பரன்ட்ஸ் கடலில் மூழ்கி, உள்ளே இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் செத்தார்கள். வேலை தெரிந்த கடற்படைக்கே அந்தக் கதி.

உள்ளே இருக்கிறவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்களைச் சுற்றி அஸ்பெஸ்ரஸ், ஈயமும் அமிலமும் நிறைந்த பற்றரிகள், பழைய கேபிள்களிலும் பெயின்டிலும் நஞ்சு, அடித்தட்டில் எண்ணெய்ச் சேறு. இரும்பை விற்றுக் கிடைக்கிற காசு இதையெல்லாம் ஒழுங்காக அப்புறப்படுத்தவே போதாமல் போவதுண்டு. ஓடுகிற எஞ்சினைவிட நிற்கிற எஞ்சின்தான் சீக்கிரம் கெடும் என்று நாங்கள் ஃபிட்டர்கள் சொல்வோம். எழுபது பேர் இரவு பகலாகத் துடைத்து, கிரீஸ் வைத்து, வால்வு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொருளை வாங்கி, ஒரு காவல்காரனையும் ஒரு டிக்கெட் விற்கிற பிள்ளையையும் வைத்து நடத்தப் பார்த்தால் எப்படி இருக்கும்?

எப்படி இருந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் ரொச்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் மெட்வே ஆற்றில் யூ-475 என்ற ஃபொக்ஸ்ட்ரொட் ஒன்று கிடக்கிறது, பிளாக் விடோ என்று பட்டப்பெயர். 1994 இல் கொண்டுவந்து லண்டனில் தேம்ஸ் ஆற்றில் காட்சிக்கு வைத்தார்கள், அப்புறம் ஃபோக்ஸ்டன் துறைமுகத்துக்குப் போனது, 2004 இலிருந்து மெட்வேயில். தனியார் சொத்து. வற்றுநேரத்தில் சேற்றில் குந்திக்கொண்டு, துருப்பிடித்து, படம் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் பிரயோசனமாக இருக்கிறது. கே-77 என்பது இன்னும் வேடிக்கை. உங்கள் துணுக்கில் சொன்னபடியே ஹெல்சிங்கியில் உணவகமாக இருந்தது, ஹொலிவூட் படப்பிடிப்புக்கும் போனது, பிறகு அமெரிக்காவில் பிரொவிடன்ஸ் நகரத்தில் அருங்காட்சியகமாகக் கட்டிவைத்தார்கள். 2007 ஏப்ரலில் ஒரு புயல் வந்தது, கட்டின இடத்திலேயே மூழ்கிப்போனது. அமெரிக்கக் கடற்படை, இராணுவச் சுழியோடிகள் பயிற்சி என்ற பெயரில் அடுத்த வருடம் தூக்கிக் கொடுத்தார்கள், தூக்கியதை உடைத்து விற்றார்கள். சோவியத்தின் நீர்மூழ்கியை அமெரிக்கக் கடற்படை தூக்கிக் கொடுக்க வேண்டிவந்தது, அதுவும் சண்டை எல்லாம் முடிந்த பிறகு!

கலிபோர்னியாவில் லோங் பீச் என்ற இடத்தில் குவீன் மேரி என்ற பெரிய பயணிகள் கப்பலுக்குப் பக்கத்தில் ஸ்கோர்ப்பியன் என்று ஒன்றை 1998 இல் கொண்டுவந்து கட்டினார்கள். தண்ணீர் ஏறிச் சரிந்து 2015 இல் மூடிவிட்டார்கள், பிறகு ரக்கூன்கள்தான் உள்ளே குடியிருந்தன. சான் டியேகோவில் பி-39 ஐ வைத்திருந்தவர்கள் அனுபவசாலிகள், கடல்சார் அருங்காட்சியகமே நடத்துகிறவர்கள். அவர்களாலும் பதினைந்து சொச்சம் வருடத்துக்கு மேல் முடியவில்லை, 2022 இல் மெக்சிகோவுக்கு இழுத்துப்போய் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

பணக்காரனின் விளையாட்டுச் சாமான் கெட்டால் எனக்கென்ன என்று விட்டுவிடலாம். மனதை உறுத்துவது நல்லெண்ணத்தோடு வாங்கியவர்களின் கதைதான். அவுஸ்திரேலியாவில் ஒட்டாமா என்ற நீர்மூழ்கியை விக்டோரியா மாநிலத்தில் ஒரு தன்னார்வச் சங்கம் 2001 இல் 50,000 டொலருக்கு வாங்கியது. கரையில் ஏற்றி அருங்காட்சியகம் அமைக்க அனுமதி கிடைக்கவில்லை. 2008 இல் 49 இலட்சம் டொலர் கேட்டு ஈபேயில் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை, அது நங்கூரத்திலேயே கிடந்து துருப்பிடித்தது. பிரிட்டனின் ஒனிக்ஸ் 1982 ஃபோக்லாண்ட் போரில் ஓடிய நீர்மூழ்கி. அதை வைத்திருந்த அருங்காட்சியகம் 2006 இல் மூடப்பட்டதும், வடக்கே பாரோ என்ற ஊரில் ஒருவர் வாங்கிக் காப்பாற்றப் பார்த்தார், காசு ஒத்துவரவில்லை, 2014 இல் உடைத்தார்கள். கனடாவில் ஒஜிப்வா என்ற நீர்மூழ்கியைக் கரையேற்றுவதற்காக ஒரு சின்ன உள்ளூராட்சி சபை 60 இலட்சம் டொலர் கடனுக்குப் பிணை நின்றது. பார்க்க வருகிறவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, கடன் சபையின் தலையில் விழுந்தது. நம்முடைய பிரதேச சபை ஒன்று அந்த இடத்தில் இருப்பதை நினைத்துப் பாருங்கள், குப்பை அள்ளுகிற டிராக்டருக்கு டயர் வாங்கவே திண்டாடுகிற சபை.

பிழைத்தவையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீரில் இருந்தபடியே நன்றாக இருப்பவை அமெரிக்காவில் சில இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் பம்பனிட்டோ, கிளீவ்லண்டில் கொட். ஆனால் கொட் நீர்மூழ்கியை 2021 இல் ஒரே ஒரு தடவை உலர்துறையில் ஏற்றிச் சீர்செய்ய பத்து இலட்சம் டொலருக்கு மேல் போனது. மற்றபடி நன்றாக இருப்பவை பெரும்பாலும் கரையில் ஏறியவை. நம் பக்கத்தில் விசாகப்பட்டினத்துக் குர்சுராவைச் சொல்லலாம். 1969 இல் சேவைக்கு வந்து 2001 இல் ஓய்வுபெற்று, கடற்கரையில் இழுத்து சீமெந்து மேடையில் வைத்து 2002 இல் திறந்தார்கள். இன்றைக்கும் சனம் போகிறது. அதுவும் அரசாங்கத்தின் கை இருப்பதால்தான். அப்படியும் உப்புக்காற்று விடவில்லை, சில வருடங்களிலேயே வெளித்தகடுகளை மாற்ற வேண்டிவந்தது. அதே வகையைச் சேர்ந்த வாக்லியை மாமல்லபுரத்தில் வைக்கப்போவதாகத் தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். அது 2010 இல் ஓய்வுபெற்றது, சென்னைத் துறைமுகம் வரைக்கும் வந்தது, கரையேறவே இல்லை. ஒரே கடற்படை, ஒரே வகைக் கப்பல், ஒன்று கரையேறியது, ஒன்று ஏறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவுஸ்திரேலியாவில் ஹோல்புரூக் என்கிற ஊர்க்காரர்கள் செய்தது. கடலுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உள்ளே இருக்கிற விவசாய ஊர். முதலாம் உலகப் போர் நேரத்தில் ஜேர்மன்டன் என்ற பெயரை மாற்ற வேண்டும் என்று வந்தபோது, துருக்கிக் கப்பலை மூழ்கடித்துப் பிரிட்டனின் விக்டோரியா பதக்கம் வாங்கிய நீர்மூழ்கி அதிகாரி ஹோல்புரூக்கின் பெயரை வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஒட்வே என்ற நீர்மூழ்கி உடைக்கப் போனபோது, அதை முழுதாகக் கேட்டார்கள், முடியாது என்று தெரிந்ததும் தண்ணீருக்கு மேலே தெரிகிற பாகத்தை மட்டும் வாங்கிவந்து ஊர்ப் பூங்காவில் புல்லுக்கு மேலே வைத்துவிட்டார்கள். பார்க்கிறவனுக்கு நீர்மூழ்கி தரைக்குள்ளிருந்து எழும்பி வருகிற மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது. பற்றரி இல்லை, அஸ்பெஸ்ரஸ் இல்லை, மூழ்குகிற பயமும் இல்லை. அந்த ஹோல்புரூக்கின் மனைவியே பெரிய தொகை கொடுத்து உதவினார். கிரகரி வாவிக்காரப் பையன்களுக்கு நான் காட்டியது இந்தப் படத்தைத்தான். “அப்ப பாதியையாவது கொண்டுவரலாமே மாமா” என்றான் ஒருவன். தம்பி, ரம்பொடை வளைவுகளில் நாற்பது அடிக் கொள்கலன் லொறி திரும்பும்போதே பின்னால் அரை மணி நேரம் வரிசை நிற்கிறது, நீ 90 மீற்றரைப் பற்றிப் பேசுகிறாய் என்றேன்.

பழைய பொருளை ஹோட்டலாக்கக் கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து மூடிக்கிடந்த ஸ்டோரை 1990களில் ஹோட்டலாக மாற்றி, பழைய எஞ்சினையும் காற்றாடிகளையும் அப்படியே வைத்து, ஒரு ரயில் பெட்டியைக்கூடச் சாப்பாட்டு அறையாக்கியிருக்கிறார்கள். அது நிற்கிறது, ஏனென்றால் நிலத்தில் நிற்கிறது. நாளைக்கே அந்த ஹோட்டல் நட்டத்தில் மூடினாலும் கட்டடம் மலையில் இருக்கும், யாருடைய தண்ணீரிலும் எண்ணெய் கலக்காது. நீர்மூழ்கி வைத்திருக்கிறவன் மூன்று வருடம் காசு போடாமல் விட்டால், அதற்கப்புறம் அது அவன் பிரச்சினை அல்ல, துறைமுகத்தின் பிரச்சினை, மீன்பிடிக்கிறவனின் பிரச்சினை.

விற்கிற அரசாங்கங்களும் இதை நன்றாகத் தெரிந்துதான் விற்கின்றன. அமெரிக்கா 2021 இல் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை ஒவ்வொன்றும் ஒரு சதம் என்று விற்றது. டொலர் இல்லை, சதம். உடைத்துத் தீர்ப்பது வாங்குகிறவன் பொறுப்பு என்பதால்தான் அந்த விலை, அதுதான் நேர்மையான விலை என்பேன். அந்த நாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போர்க்கப்பல் கேட்டால், எங்கே கட்டுவாய், யார் இழுப்பது, பராமரிப்புக்குக் காசு எங்கே என்று திட்டம் முழுவதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் கடற்படை பேச்சையே ஆரம்பிக்கும். பிரேசில் தன்னுடைய சாவோ பாவுலோ என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் துருக்கிக்கு உடைக்க விற்றுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றது. உள்ளே அஸ்பெஸ்ரஸ் இருக்கிறது என்று 2022 இல் துருக்கி வேண்டாம் என்றது, திரும்பி வந்தால் பிரேசிலின் துறைமுகங்களே ஏற்கவில்லை, மாதக்கணக்கில் கடலில் அலைந்து, கடைசியில் 2023 பெப்ரவரியில் அவர்களே அத்திலாந்திக் கடலில் மூழ்கடித்தார்கள். கப்பல் உடைப்புக்கென்று ஹொங்கொங் உடன்படிக்கை ஒன்று 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்திருக்கிறது, நல்லது, ஆனால் போர்க்கப்பல்கள் அதில் அடங்காது.

இப்போது நம்முடைய ஊருக்கு வருவோம். திருகோணமலைக்கு நீர்மூழ்கி அந்நியமான பொருள் அல்ல. இரண்டாம் உலகப் போர் நேரம் பிரிட்டிஷ், ஒல்லாந்து நீர்மூழ்கிகள் அங்கிருந்துதான் மலாக்கா நீரிணைப் பக்கம் போய்வந்தன. அந்த வரலாற்றைக் காட்ட ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் 2014 இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து நின்றதற்கே டில்லியில் எவ்வளவு சத்தம் என்று நீங்களே செய்தி போட்டீர்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பனி ஓடாத நீர்மூழ்கி ஒன்றைத் திருகோணமலைக்கு இழுத்து வந்தாலும், அதற்குள் என்ன இருக்கிறது என்று மூன்று நாட்டு உளவுத்துறை வந்து எட்டிப்பார்க்கும். இதுவே ஒரு தமிழன் பெயரில் நீர்மூழ்கிக்கு விண்ணப்பம் போனால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலை அதற்குள் மறந்திருக்க மாட்டோம். 2021 இல் எரிந்து மூழ்கியது, பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெல்லாம் ஒதுங்கின. நூறு கோடி டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2025 ஜூலை ஆனது. அங்கே இருந்தது ஓடிக்கொண்டிருந்த கப்பல், முகவரி உள்ள பெரிய கம்பனி, காப்புறுதி எல்லாம். கழித்துப்போட்ட நீர்மூழ்கியை வாங்குகிறவர்கள் அதற்கென்றே ஒரு கம்பனி பதிவார்கள், அந்தக் கம்பனியின் ஒரே சொத்து அந்தத் துருப்பிடித்த இரும்புதான். நட்டம் வந்ததும் கம்பனியைக் கலைத்துவிட்டால் யார் மேல் வழக்குப் போடுவது?

அதனால் நான் சொல்ல வந்தது இதுதான். யாராவது கழித்த நீர்மூழ்கியையோ போர்க்கப்பலையோ இந்த நாட்டுத் தண்ணீருக்குள் கொண்டுவரக் கேட்டால், என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்க வேண்டாம், உடைக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அந்தத் தொகை முழுவதையும், இழுவைக் கூலியும் சேர்த்து, கப்பல் நம் கடலெல்லைக்குள் வரும் முன்பே இங்குள்ள வங்கியில் டொலராக வைப்பில் போட வேண்டும். கம்பனி மூடினாலும், ஆள் செத்தாலும், நாட்டைவிட்டு ஓடினாலும் அந்தக் காசு துறைமுகத்தின் கையில் இருக்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ், எண்ணெய், பற்றரி எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று விற்கிற நாட்டின் எழுத்து வேண்டும், அந்த எழுத்தை நம்பாமல் நம்முடைய கடல் மாசு தடுப்பு அதிகாரிகள் அங்கேயே போய் ஏறிப் பார்க்க வேண்டும், அந்தச் செலவும் வாங்குகிறவனுடையது. தண்ணீரில் கட்டிவைக்க அனுமதியே கொடுக்கக் கூடாது, கரையேற்றுவதானால் மட்டும் பேசலாம். இவ்வளவையும் கேட்டால் ஒருவரும் வரமாட்டார்களே என்பீர்கள். வராமல் போகட்டும். உண்மையான காசும் உண்மையான எண்ணமும் உள்ளவன் இதற்கெல்லாம் பயப்பட மாட்டான்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2,000 தொன் போர்க்கப்பல் ஒன்றைக் காசு கட்டி ஒரு கையெழுத்தில் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள உலகத்தில் வழி இருக்கிறது. 1823 இலிருந்து இந்த மலையில் இருக்கிற சனத்தில் பெரும்பான்மைக்குத் தான் படுக்கிற லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது, ஏழு பேர்ச்சஸ் காணி என்று கேட்டுக்கேட்டுத் தொண்டை வற்றிப்போனது. கூரைத் தகடு ஒழுகினால் தோட்டத்துரையிடம் போய் நிற்க வேண்டும், அவர் கம்பனியைக் காட்டுவார், கம்பனி அரசாங்கத்தைக் காட்டும். சொந்தக்காரன் யார் என்று தெரியாத தகடு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இடப் பிரச்சினை இருக்கும், கடிதத்தைச் சுருக்குவீர்கள் என்று தெரியும். பெப்சி கதையை வெட்டுங்கள், ரக்கூனை வெட்டுங்கள், கொலம்பியாவையும் வேண்டுமானால் வெட்டுங்கள். வைப்புப் பணத்தைப் பற்றிய பந்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஹட்டன்.